அசைபோடும் சிங்கம்

எங்கள் மாமா சவூதியில் சிங்கம் பார்த்தார். பார்த்தார் என்றால், கூட்டுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தார் என்று நினைத்துவிடக் கூடாது. தீனி போட்டு, கூட்டைக் கழுவி, வருத்தம் வந்தால் மருந்து கொடுத்து, மாதச் சம்பளத்துக்குப் பார்த்தார். எங்கள் ஊரில் இருந்து போன மற்ற ஆண்கள் அங்கே வாகனம் ஓட்டினார்கள், கடைகளில் சாமான் அடுக்கினார்கள், கட்டடங்களுக்குச் சீமெந்து குழைத்தார்கள். சிங்கம் பார்த்தவர் எங்கள் மாமா ஒருவர்தான். இந்தச் செய்தி பாலாவிச் சந்தியில் இருந்து கற்பிட்டி வரைக்கும் தெரிந்திருந்தது என்றால் அதற்குக் காரணம் என் உம்மா.

உம்மாவின் தாயும் தகப்பனும் சீக்கிரமே மவுத்தாகிப்போனதால், தம்பியை உம்மாதான் வளர்த்தெடுத்தார். மாமா சவூதிக்குப் போனது வீட்டுச் சாரதி வேலைக்கு. போய்ச் சில மாதங்கள் கழித்து ஒருநாள் கோல் எடுத்தார். சாரதி வேலை சரிவரவில்லை, இப்போது மிருகங்கள் பார்க்கிற வேலை என்றார். என்ன மிருகம் என்று உம்மா கேட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. சற்று நேரம் அந்தப் பக்கத்தில் காற்றின் இரைச்சல் மட்டும் வந்தது. பிறகு மாமா, சிங்கம் என்றார்.

உம்மா அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த வாரமே ஆட்களைக் கூப்பிட்டு யாசீன் ஓதி, வந்தவர்களுக்குப் பாணும் வாழைப்பழமும் கொடுத்தார். பயம் கொஞ்ச நாள் இருந்தது. தம்பியைச் சிங்கம் தின்னவில்லை என்று தெரியத் தெரிய அந்தப் பயம் மெல்ல மெல்லப் பெருமையாக மாறியது. மீன்காரனோடு விலை பேசும்போதுகூட உம்மா எப்படியோ பேச்சைச் சிங்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவார்.

நான் ஏழாம் வகுப்பில் இருந்த வருடம் மாமா திரும்பி வந்தார். ஆள் கறுத்து, மெலிந்து, கண்களைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார். உம்மாவுக்கு ஒரு தடித்த போர்வை, வாப்பாவுக்கு அத்தர், எனக்குப் பேரீச்சம்பழமும் சொக்லட்டும். எல்லாவற்றையும் கொடுத்து முடித்தபின், சேட்டுப் பையில் இருந்து ஒரு லேஞ்சியை எடுத்து விரித்தார். உள்ளே ஒரு பல் இருந்தது. என் விரலைவிட நீளம். நுனி கூராகப் பின்பக்கம் வளைந்து, வெற்றிலை போடுகிறவர்களின் பல்லைப் போல மஞ்சளடித்திருந்தது.

“இது அதுட பல்லா?” என்று கேட்டேன்.

“ஓம் மகள்,” என்றார் மாமா. “அதுட பல்லுதான்.”

இந்த உலகத்தில் என்னைவிட அதிர்ஷ்டம் உள்ள பிள்ளை இல்லை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டார்கள் கதை கேட்க வந்தார்கள். மாமா முதலில் தயங்குவார். உம்மா “சொல்லு தம்பி, அன்டைக்குப் போன்ல சொன்னதைச் சொல்லு” என்று தள்ளிவிடுவார். அதன்பிறகு மாமா சொல்வார். சிங்கம் இறைச்சியை மெல்லாது, கிழித்துக் கிழித்து விழுங்கும் என்றார். அதை நம்பாத என் சின்னத் தம்பிக்குச் செய்து காட்டுவதற்காக, ஒரு பகல் சாப்பாட்டில் மாட்டிறைச்சித் துண்டு ஒன்றை மெல்லாமலே விழுங்கினார். அது தொண்டையில் நின்றுவிட்டது. மாமாவின் கண் பிதுங்கி, முகம் சிவந்து, வாப்பா எழுந்து முதுகில் ஓங்கி அடித்ததில் துண்டு பறந்துபோய்க் கறிச் சட்டியில் விழுந்தது. வாப்பா பாலாவிச் சந்தியில் சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருந்தார். அடியும் டியூப் ஒட்டுகிறவரின் அடியாகத்தான் இருந்தது.

வாப்பா அதிகம் கதைக்காதவர். மாமாவின் சிங்கத்தைப் பற்றி அவர் சொன்னது ஒரே ஒரு தடவைதான். எங்கள் வீட்டுக் கடுவன் பூனை மாமாவின் காலடியில் வந்து உரசியபோது மாமா காலைத் தூக்கிக் கதிரையில் வைத்துக்கொண்டார். வாப்பா பூனையையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “சின்னச் சிங்கத்துக்குத்தான் மச்சானுக்குப் பயம்போல,” என்றார். உம்மா முறைத்தார். பேச்சு அத்தோடு நின்றது.

அந்தத் தவணையில் எங்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானக் கண்காட்சி வந்தது. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு மேசை. எங்கள் மேசைக்குப் பற்கள் என்று விஞ்ஞான டீச்சர் முடிவு செய்தார்.

டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய குடும்பம் மன்னாரில் இருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு எங்கள் பக்கம் வந்தது. அப்போது டீச்சர் கைக்குழந்தை. இங்கேயே வளர்ந்து, படித்து, எங்களுக்கே படிப்பிக்க வந்தார். அவரால் ஒரு பிழையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. எங்கள் கொப்பியில் மட்டுமல்ல. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருந்த கடையின் விளம்பரப் பலகையில் எழுத்துப் பிழை இருக்கிறது என்று முதலாளியிடம் போய்ச் சொல்லி, அவர் சிரித்து மழுப்பியபின், இவரே ஒரு தூரிகை கொண்டுபோய்த் திருத்திவிட்டு வந்தவர்.

பாடம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆட்டுக்கு மேல்தாடையில் முன்பல்லே இல்லை, தடித்த முரசு, அதாவது ஈறு, மட்டும்தான் என்று டீச்சர் சொன்ன நாளில், வீட்டுக்கு ஓடிப்போய் எங்கள் ஆட்டின் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தேன். உண்மைதான். இத்தனை நாளும் அது என்னைப் பார்த்துப் பல்லே இல்லாமல்தான் இளித்திருக்கிறது. சிங்கத்துக்கும் பூனைக்கும் கடைவாய்ப் பற்கள் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றை ஒன்று உரசி வெட்டும். தாடை மேலும் கீழும் மட்டும் போகும், பக்கவாட்டில் போகாது. ஆட்டின் தாடை திருகைக்கல் மாதிரிப் பக்கவாட்டில் அரைக்கும். மனிதனுக்கு எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம். வெட்டுவதற்கு முன்பல், கிழிப்பதற்குப் பேருக்கு ஒரு வேட்டைப்பல், அரைப்பதற்குக் கடைவாய்ப்பல். இதைத் தெரிந்துகொண்டபின் என்னால் யாரும் சாப்பிடுவதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. விருந்தாளிகளின் வாய்க்கு நேரே போய் நின்று தாடை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்ததற்காக உம்மாவிடம் கிள்ளு வாங்கினேன்.

மேசைக்குச் சாமான் சேர்க்கும் வேலை தொடங்கியது. ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கையோடு என்பதால் ஆட்டுத் தாடைக்கும் மாட்டுத் தாடைக்கும் குறைவில்லை. வாப்பாவின் கடைக்குப் பின்னால் தகரத்தில் போட்டு அவித்துச் சுரண்டினோம். உப்பு அடுக்கிவைக்கிற கொட்டிலுக்குப் பின்புறத்தில் ஒரு பூனையின் மண்டையோடு கிடைத்தது. ஒருத்தி நாயின் தாடை கொண்டுவருகிறேன் என்றாள். உம்மா அதைக் கேட்டதும், அது வந்த மேசையில் இருந்து எந்தச் சாமானும் எங்கள் வீட்டுப் படி ஏறாது என்று சொல்லிவிட்டார். மனிதப் பல்லுக்குத்தான் கஷ்டப்பட்டோம். கடைசியில் பக்கத்து வீட்டுப் பெரியப்பா, புதுப் பல்செட் கட்டியிருந்தபடியால், பழையதை இரவல் தந்தார். புதியது முரசைக் கடிக்கிறது, ஆகவே பழையதைப் பத்திரமாகத் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லித்தான் தந்தார்.

சிங்கத்துக்கு மாமா இருந்தார். பல்லைக் கேட்டபோது கொஞ்சம் யோசித்தார். “பள்ளிக்கூடத்துக்கு என்னத்துக்கு அதெல்லாம்,” என்றார். உம்மா உள்ளே இருந்து, “குடு தம்பி, ஊரும் பாக்கட்டும்,” என்றார். மாமா கொடுத்தார்.

டீச்சர் அந்தப் பல்லை விரல்களுக்கு நடுவே உருட்டிப் பார்த்தார். அது சரியாக உருளவில்லை. வெளிச்சத்தில் பிடித்து இன்னொரு தடவை பார்த்தார். “எங்கட மாமா சவூதியில சிங்கம் பாத்தவர் டீச்சர்,” என்றேன். டீச்சர், நல்லது என்று மட்டும் சொல்லிப் பஞ்சில் வைத்து மூடினார்.

பல்லோடு நிறுத்தாமல் குடலையும் காட்ட வேண்டும் என்று டீச்சருக்கு ஓர் எண்ணம். ஆட்டின் குடல் எவ்வளவு நீளம், சிங்கத்தின் குடல் எவ்வளவு நீளம், மனிதனுடையது எவ்வளவு என்று கயிற்றில் அளந்து காட்டுவது. அவ்வளவு கயிற்றுக்கு எங்கே போவது? மாமா அப்போது ஒரு த்ரீவீல் ஓட்டத் தொடங்கியிருந்தார். களப்பில் மீன் பிடிக்கிற கூட்டாளிகளிடம் பழைய கயிறு இரவல் வாங்கி, த்ரீவீல் நிறைய அடைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கயிற்றில் இருந்து வந்த மீன் வாடையில் உண்மையான குடல் தோற்றுவிடும்.

நெட்போல் மைதானத்தில் கயிற்றை இழுத்தோம். ஆட்டின் குடல் மைதானத்தின் ஒரு கோடியில் இருந்து மறுகோடி வரை போனது. இவ்வளவு கயிறு நம்முடைய சின்ன ஆட்டுக்குள்ளேயா என்று எல்லோரும் வாயைப் பிளந்தோம். சிங்கத்தின் குடல் நடு வட்டத்துக்குக்கூட வரவில்லை. இறைச்சி சீக்கிரம் செமிக்கும், புல்லுக்குத்தான் நீண்ட பாதை வேண்டும் என்று டீச்சர் விளக்கினார். பிறகு பிள்ளைகள் ஆட்டின் குடலில் கயிறடித்துக் குதிக்கத் தொடங்கிவிட்டார்கள். டீச்சரும் மாமாவும் சிங்கத்தின் குடலை ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்துச் சுருட்டிக்கொண்டு வந்தார்கள். நான் நடுவில், கயிறு நிலத்தில் இழுபடாமல் தாங்கிக்கொண்டிருந்தேன்.

“சிங்கத்துக்கு ஒரு நாளைக்கு எத்தனை தரம் சாப்பாடு வைப்பீங்க?” என்று டீச்சர் கேட்டார்.

“ஒரு தரம் போட்டாப் போதும் டீச்சர். வயிறு முட்டத் தின்னும்.”

“தின்டதுக்குப் பிறகு?”

“பிறகென்ன டீச்சர். நிழலாப் பாத்துப் படுக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஆறுதலா அசைபோடும்.”

கயிறு நின்றது. அன்று காலையில்தான், சிங்கம் மெல்லக்கூட மாட்டாது, அசைபோடுவது ஆடு, மாடு போன்ற புல் தின்னும் மிருகங்களின் வேலை என்று டீச்சர் கரும்பலகையில் எழுதியிருந்தார். இப்போது டீச்சர் திருத்துவார் என்று நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். கடை முதலாளியையே விடாதவர். டீச்சர் கயிற்றைப் பார்த்தார். மாமாவின் கைகளைப் பார்த்தார். வெயிலில் வெடித்துப் பிளந்து ஆறிய கைகள்.

“அப்படியா,” என்றார். “பாத்துக்கொண்டிருக்கச் சந்தோசமா இருக்கும், என்ன?”

“ஓம் டீச்சர்,” என்றார் மாமா. “அதைப் பாத்துக்கொண்டிருந்தா நேரம் போறது தெரியாது.”

இருவரும் மறுபடியும் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார்கள். எனக்குத் தலை சுற்றியது.

அன்று பின்னேரம், டீச்சர் வேறு என்ன சொன்னார் என்று மாமா என்னிடம் கேட்டார். அந்த நாட்களில் மாமா தினமும் அதைக் கேட்டார். அவருக்கு விஞ்ஞானத்தில் இவ்வளவு ஆர்வமா என்று நான் மகிழ்ந்துபோய், பாடம் முழுவதையும் ஒப்புவிப்பேன். அன்றைக்கு மட்டும் பாடத்தைச் சொல்லாமல், “மாமா, சிங்கம் அசைபோடாது,” என்றேன்.

மாமா பிளேன்டீயைக் கீழே வைத்தார். யோசித்தார்.

“எல்லாச் சிங்கமும் இல்ல மகள்,” என்றார். “சில சிங்கம்.”

டீச்சர் பிழை சொல்ல மாட்டார். மாமாவும் பொய் சொல்ல மாட்டார். இரண்டையும் ஒன்றாக வைத்திருப்பதற்கு எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. விதிக்கு விலக்காக ஒரு மிருகம் எங்கேயாவது இருக்க வேண்டும். ஒன்று இருந்தால் இன்னொன்றும் இருக்கலாம். எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொந்தமில்லாமல் தெருவில் திரிகிற மிருகம் கழுதைதான். நானும் என் கூட்டாளியும் அரை றாத்தல் பாணோடு போய், பள்ளிவாசல் மதில் நிழலில் நின்ற ஒரு கழுதையைப் பிடித்தோம். ஆண் கழுதை. அவள் பாணைக் காட்ட, அது உதட்டை மேலே சுருட்டியது. நான் குனிந்து உள்ளே பார்த்தேன். முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவில் இருந்த வெறும் முரசில், சிறியதாக, தனியாக, கூராக ஒரு பல். வேட்டைப்பல். புல் தின்கிற கழுதைக்கு.

இன்னும் நன்றாகப் பார்க்க முகத்தைக் கிட்டக் கொண்டுபோனேன். கழுதை பாணை விட்டுவிட்டு என் பர்தாவைக் கடித்து இழுத்தது. தாடை பக்கவாட்டில்தான் போனது என்பதை அந்த நிலையிலும் நான் கவனித்தேன். பர்தாவின் ஒரு மூலையைக் கழுதைக்குக் கொடுத்துவிட்டு, மிகுந்த சந்தோசத்தோடு வீட்டுக்குப் போனேன். கழுதைக்கு வேட்டைப்பல் இருக்கலாம் என்றால் சிங்கம் அசைபோடலாம்.

கண்காட்சி நாள் வந்தது. எங்கள் மேசையில் இடப்பக்கம் விலங்குண்ணிகள், வலப்பக்கம் தாவர உண்ணிகள், நடுவில் அனைத்தையும் உண்ணும் மனிதனாகப் பெரியப்பாவின் பல்செட். தாடைகளை வாப்பா சைக்கிள் கம்பியில் பொருத்தி, திறந்து மூடுகிற மாதிரிச் செய்து தந்திருந்தார். பூனை மண்டையோட்டுக்குப் பக்கத்தில், சிவப்புத் துணியின் மேல், சிங்கம் என்று எழுதிய அட்டையோடு மாமாவின் பல். பெரியப்பா காலையிலேயே வந்து மேசைக்கு அருகில் நின்றுகொண்டார். வருகிறவர்களுக்கெல்லாம் நடுவில் இருந்ததைக் காட்டி, “அது என்ட,” என்று சொல்லி, புதுப் பல் தெரியச் சிரித்தார்.

உம்மாவும் வந்தார். தனியாக வரவில்லை. கற்பிட்டியில் ஒரு பெண்ணை மாமாவுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணின் தாயையும் பெரிய தாயையும் உம்மா கூட்டிக்கொண்டு வந்திருந்தார். சிங்கப் பல்லைக் காட்டத்தான். மாமா புதுச் சேட் போட்டுப் பின்னால் நின்றார். டீச்சர் மேசைக்கு மறுபுறம் நின்றார்.

நான் நன்றாக விளக்கினேன். பெண்ணின் தாய் பல்லைப் பார்த்து வாயில் கை வைத்தார். உம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும்! அந்த நேரத்தில், ரியாத்தில் இருந்து லீவில் வந்திருந்த ஒரு பிள்ளையின் தகப்பன் எட்டிப் பார்த்து, கேட்காமலே பல்லைக் கையில் எடுத்தார்.

“இது ஒட்டகப் பல்லெல்லோ,” என்றார்.

ஒட்டகம் என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் வேறு ஒரு பொருளும் இருந்தது. சாரதி வேலை, கடை வேலை என்று சொல்லிக் கொண்டுபோய், பாலைவனத்தின் நடுவில் தனியாக ஒட்டகம் மேய்க்க விட்டுவிடுவார்கள். அப்படி ஏமாந்து வந்தவர்களை ஊர் நாலு நாள் பாவம் என்று சொல்லும். அதன்பிறகு வாழ்நாள் முழுவதும் பட்டம் தெளித்துக் கேலி செய்யும்.

எனக்கு வந்த கோபம் விஞ்ஞானக் கோபம். “ஒட்டகம் புல் தின்னுற மிருகம். அதுக்கு இப்படி வேட்டைப்பல் வராது,” என்றேன். சொல்லும்போதே கழுதையின் வாய் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. குரல் கொஞ்சம் தடுமாறியது. “அப்படித்தானே டீச்சர்?”

டீச்சர் என்னைப் பார்த்தார். ஒரு பிழையான சொல்லைத் தாண்டிப் போகத் தெரியாத அந்த மனுசி, அன்றைக்கு வெகு நேரம் எடுத்துத்தான் பதில் சொன்னார்.

“ஆண் ஒட்டகத்துக்கு வரும்,” என்றார். பிறகு அந்த மனிதரிடம் கையை நீட்டிப் பல்லை வாங்கினார். “ஆனா இது எதுட பல்லு எண்டு கொண்டுவந்தவர்தான் சொல்லவேணும். நாங்க ஊகிக்கக் கூடாது.”

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா உம்மாவைப் பார்த்தார்.

“ஒட்டகம்தான்,” என்றார். “நான் பாத்தது சிங்கமில்ல ராத்தா. போன நாள்ல இருந்து வந்த நாள் வரைக்கும் ஒட்டகம்தான்.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். சிங்கம் எண்டாங்களே என்று ஒரு குரல் கேட்டது. உம்மா முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டார். பெண்ணின் தாயும் பெரிய தாயும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மாமா போய்விடப் பார்த்தார். உண்மையிலேயே ஓர் அடி எடுத்து வைத்துவிட்டார்.

டீச்சர் அட்டையில் சிங்கம் என்று இருந்ததைப் பேனையால் வெட்டி, ஒட்டகம், ஆண் என்று எழுதினார். அட்டையை இடப்பக்கத்தில் இருந்து தூக்கி, கையில் இருந்த பல்லோடு வலப்பக்கத்தில் ஆட்டுத் தாடைக்குப் பக்கத்தில் வைத்தார். நிதானமாக, கொப்பி திருத்துகிற மாதிரித்தான் செய்தார். பிறகு மாமாவிடம் கேட்டார்.

“பாடப் புத்தகத்தில ஒட்டகத்தைப் பற்றி நாலு வரிதான் இருக்கு. முள்ளுத் தின்னுது எண்டு போட்டிருக்கு. வாய் கிழியாதா?”

மாமா திரும்பினார். “கிழியாது டீச்சர்,” என்றார் மெதுவாக. “உள்கன்னம் முழுக்க மெத்துமெத்தெண்டு முள்ளு முள்ளா இரிக்கி. கடிக்கிற முள்ளெல்லாம் அதுல சரிஞ்சு உள்ளுக்குப் போகும்.”

“நீங்க கையை விட்டுப் பாத்திருக்கிறீங்களா?”

“எத்தனை தரம்!”

அதன்பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. ஒட்டகத்தின் மேலுதடு நடுவில் பிளந்து, இரண்டு விரல் மாதிரித் தனித்தனியாக வேலை செய்யும் என்றார். அசைபோடும்போது கீழ்த்தாடை ஒரு தரம் இடமும் ஒரு தரம் வலமுமாகப் போகும் என்று சொல்லித் தன் தாடையைப் போட்டுக் காட்டினார். பிள்ளைகள் எல்லோரும் அதே மாதிரி அசைபோட்டார்கள். பெரியப்பாவும் அசைபோட்டதில் புதுப் பல்செட் கழன்று கையில் வந்தது. ஆண் ஒட்டகத்துக்கு மதம் பிடித்தால் அந்தக் கூர்ப் பற்களால்தான் கடித்துச் சண்டை போடும் என்றார். இந்தப் பல் அவரோடு மிகவும் பழகிய ஒரு கிழட்டு ஒட்டகத்தினுடையது, அது செத்த அன்று எடுத்தது என்றார். பக்கத்து மேசைகளில் நின்றவர்களும் எங்கள் மேசைக்கு வந்துவிட்டார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டு அதிபரே வந்தார். கேலிச் சிரிப்பு எப்போது நல்ல சிரிப்பாக மாறியது என்று எனக்குத் தெரியாது. ரியாத் மனிதர்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. என் சிங்கம் போய்விட்டது. மேசையின் இடப்பக்கத்தில் ஒரு பூனையின் மண்டையோடு மட்டும் பரிதாபமாக மிஞ்சியிருந்தது. முதல் பரிசு, சோடாப் பவுடரில் வினாகிரி ஊற்றிப் பொங்கவைத்த எரிமலைக்குப் போனது. கற்பிட்டிக்காரர்கள் மரியாதையாகத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். பொருத்தம் சரிவரவில்லை என்று அடுத்த வாரமே செய்தி வந்தது. சிங்கத்தையும் பெண்ணையும் ஒரே நாளில் பறிகொடுத்த மனிதர், கயிற்றைத் திருப்பிக் கொடுப்பதற்கு த்ரீவீலில் ஏற்றும்போது விசிலடித்தது ஏன் என்று நான் யோசித்துப் பார்த்தேன். டீச்சர் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுருட்டி முடிந்த பிறகும் நின்றார். இதில் என்ன விஞ்ஞானம் என்று எனக்கு விளங்கவில்லை. அடுத்த பெருநாளைக்கு முன்னால் டீச்சர் எனக்கு மாமியாகி, பள்ளிக்கூடத்தில் திருத்தியது போதாதென்று வீட்டிலும் என்னைத் திருத்தத் தொடங்கியபோதுதான் அந்த விசில் எனக்கு விளங்கியது.

விளங்காதது வேறொன்று.

கண்காட்சி முடிந்து வீட்டுக்கு வந்தபோது பகல் சாப்பாட்டு நேரம் கடந்துவிட்டது. மாமாவுக்குப் பெரிய ஏச்சு விழப்போகிறது என்று நான் நினைத்தேன். என் சிங்கத்துக்காகவும் சேர்த்து ஏசினால் நல்லது என்றுகூட நினைத்தேன். உம்மா சோறு போட்டார். கறி போட்டார். மாமாவுக்கு எதிரே உட்கார்ந்தார். மாமா தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்.

“அங்க,” என்றார் உம்மா. “குடிக்கத் தண்ணி இருந்ததா தம்பி?”

இத்தனை நாளும் சிங்கத்தைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்டவர். ஒட்டகம் என்று தெரிந்தபின் கேட்பதற்கு இதுதானா கிடைத்தது என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

“இருந்தது ராத்தா,” என்றார் மாமா. “ஒட்டகத்துக்கு பவுசர் லொறியில கொண்டுவந்து ஊத்துவாங்க. அதுல நானும் எடுத்துக்குவேன்.”

“வராத நாள்ல?”

மாமா சோற்றைப் பிசைந்தார். “அதுகள் பாத்துக்கொண்டு நிக்கும். நானும் பாத்துக்கொண்டு நிப்பேன்,” என்று சொல்லிச் சிரித்தார்.

நல்ல சந்தர்ப்பம் என்று நான் உள்ளே புகுந்தேன். ஒட்டகத்துக்குப் பால்பல் விழுமா என்று கேட்டேன். மாமா என் பக்கம் முழுதாகத் திரும்பி, விழும் மகள், ஆனால் நம்மைவிட மெதுவாகத்தான் என்று விரிவாகச் சொல்லத் தொடங்கினார். அப்போது உம்மா கூசாவை எடுத்து மாமாவின் கிளாசில் தண்ணீர் ஊற்றினார். கிளாஸ் ஏற்கெனவே நிறைந்துதான் இருந்தது. தண்ணீர் விளிம்பைத் தாண்டி, மேசையில் பரவி, என் மடியில் ஒழுகியது.

“உம்மா, வழியுது,” என்றேன். “உம்மா, வழியுதே.”

உம்மா ஊற்றிக்கொண்டே இருந்தார். மாமாவும் போதும் என்று சொல்லவில்லை.